ஜெனரேட்டர் ஏன் கிளம்ப மறுக்கிறது?

2023 டிசம்பர் 4ஆம் நாள். மிக்ஜாம் புயல் சென்னையை ஒட்டி வடக்கே நகர்ந்துகொண்டிருந்தது. நகரிலும் சுற்றுப்புறங்களிலும் பல இடங்களில் மின்சாரம் நின்றுபோயிற்று. பூந்தமல்லிக்கு மேற்கே, செம்பரம்பாக்கம் ஏரிக்கு அருகேயுள்ள குத்தம்பாக்கத்தில் எங்கள் தெருவும் இருளில் மூழ்கியது. பக்கத்து வீட்டுப் பாட்டிக்கு ஆஸ்துமா. நெபுலைசர் ஓட மின்சாரம் வேண்டும். அந்த வீட்டில் ஒரு சிறிய பெட்ரோல் ஜெனரேட்டர் இருந்தது. 2016இல் வர்தா புயலுக்குப் பின் வாங்கியது. பாட்டியின் மகன் கயிற்றை இழுத்தார், இழுத்தார், கை ஓயும்வரை இழுத்தார். இயந்திரம் கிளம்பவே இல்லை.

“போன வருஷம் நன்றாக ஓடியதே சார், அப்புறம் தொடவே இல்லையே!” என்றார் அவர்.

தொடவே இல்லை என்பதுதான் கோளாறு. ஆனால் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் பெட்ரோலைத் திறக்க முடியாது. விடியும்வரை காத்திருந்தோம். பாட்டி இரவு முழுவதும் உட்கார்ந்தபடியே மூச்சு வாங்கினார். காலையில் முக்கால் மணி நேரத்தில் கோளாறு தீர்ந்தது. அந்த முக்கால் மணி நேர வேலையை மழைக்கு முன்பே நீங்கள் செய்துகொள்ள வேண்டும் என்பதற்காகவே இக்கட்டுரை.

கார்ப்புரேட்டர் செய்வது என்ன?

பெட்ரோல் திரவமாக எரிவதில்லை. ஆவியாகிக் காற்றுடன் கலந்தால்தான் எரியும். 1 கிலோ பெட்ரோல் முழுமையாக எரிய ஏறத்தாழ 14.7 கிலோ காற்று தேவை. இதை வேறு விதமாகச் சொன்னால், 1 லிட்டர் பெட்ரோலுக்குச் சுமார் 9 கன மீட்டர் காற்று. இந்த விகிதத்தில் இரண்டையும் கலந்து தருவதே கார்ப்புரேட்டரின் வேலை.

பூச்சி மருந்து அடிக்கும் கைப்பம்பை நினைத்துக்கொள்ளுங்கள். குழாயின் வாயில் காற்று வேகமாகப் பாயும்போது அங்கே அழுத்தம் குறைகிறது. டப்பாவிலுள்ள மருந்து மேலேறித் தூறலாகச் சிதறுகிறது. கார்ப்புரேட்டரிலும் இதுவே நடக்கிறது. அதன் நடுவே ஒரு குறுகலான பகுதி உண்டு. வேகம் கூடினால் அழுத்தம் குறையும் என்பதை டேனியல் பெர்னூலி 1738இல் வெளியிட்ட நூலில் விளக்கினார். குறுகலில் இவ்வாறு நிகழ்வதை இத்தாலிய இயற்பியலார் வெஞ்சுரி 1797இல் ஆராய்ந்து எழுதினார். அதனால் அக்குறுகலுக்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது.

குறுகலுக்குக் கீழே ஒரு சிறு கிண்ணம். அதில் மிதக்கும் மிதவை, வீட்டுத் தண்ணீர்த் தொட்டியின் மிதவையைப் போலவே, மட்டம் உயர்ந்ததும் ஓர் ஊசி வால்வைத் தள்ளி பெட்ரோல் வரவை அடைக்கும். கிண்ணத்திலிருந்து பெட்ரோல் இரண்டு பித்தளைத் துளைகள் வழியே மேலேறும். சுமை அதிகமானால் மெயின் ஜெட். சுமை குறைவானால் பைலட் ஜெட். பைலட் ஜெட்டின் துளை அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. துளையின் விட்டம் பாதியானால் பரப்பு கால் பங்காகிவிடும். பெட்ரோலும் ஏறக்குறைய அந்த அளவே வரும். ஆகவே கண்ணுக்குத் தெரியாத படிவு ஒன்றே இயந்திரத்தை நிறுத்தப் போதும்.

தேங்கிய பெட்ரோல் என்ன ஆகிறது?

பெட்ரோல் என்பது ஒரே பொருளன்று. பல ஹைட்ரோகார்பன்களின் கலவை. அதில் எளிதில் ஆவியாகும் பகுதிதான் குளிர்ந்த இயந்திரத்தைக் கிளப்புகிறது. தேங்கி நிற்கும்போது முதலில் பறந்துபோவதும் அதுவே. இதன் அருமையை 1990களில் யாழ்ப்பாண மக்கள் நன்கு அறிந்திருந்தனர். போர்க்காலத் தடையால் பெட்ரோல் அரிதானபோது, அவர்கள் மோட்டார் சைக்கிள்களையும் நீரிறைக்கும் இயந்திரங்களையும் மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். கிளப்புவதற்கு மட்டும் சில துளி பெட்ரோல். இயந்திரம் சூடானபின் மண்ணெண்ணெய். நம் ஜெனரேட்டரில் ஓராண்டாகக் கிடந்த பெட்ரோல், அந்தச் சில துளியை இழந்த பெட்ரோல்.

மிச்சமிருப்பது காற்றிலுள்ள ஆக்சிஜனுடன் சேர்ந்து மெல்ல மெல்லப் பிசினாக மாறி ஜெட்டுகளில் படிகிறது. இப்போது இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது. 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் 2023 பிப்ரவரியில் சில நிலையங்களில் விற்பனைக்கு வந்து, 2025இல் நாடெங்கும் பரவியது. எத்தனால் ஈரத்தை ஈர்க்கும். ஈரம் மிகுந்தால் நீரும் எத்தனாலும் பிரிந்து அடியில் தங்கும். ஜெட் பெட்ரோலை எடுப்பதும் அடியிலிருந்துதான்!

ஏறி இறங்கும் ஓட்டம்

சில ஜெனரேட்டர்கள் கிளம்பிவிடும். ஆனால் சத்தம் ஏறுவதும் இறங்குவதுமாக இருக்கும், விளக்கும் கூடவே துடிக்கும். பைலட் ஜெட் பாதி அடைபட்டதன் அடையாளம் பெரும்பாலும் இதுதான். நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதற்காகப் பெரும்பாலான சிறு ஜெனரேட்டர்கள் நிமிடத்துக்கு 3000 சுற்று ஓடுகின்றன. அதைக் காப்பது கவர்னர். பெட்ரோல் போதாமல் வேகம் குறைந்தால் கவர்னர் திராட்டிலைத் திறக்கும். உடனே மெயின் ஜெட் பெட்ரோலைக் கொட்டும், வேகம் தாண்டும். கவர்னர் மூடும், பைலட் ஜெட்டோ அடைபட்டிருக்கிறது, மறுபடியும் வேகம் விழும். கவர்னர் கெட்டுவிட்டதென்று எண்ணி அதன் ஸ்பிரிங்கை முறுக்காதீர்கள்.

கழற்றும் முறை

பகல் வெளிச்சம், திறந்த வெளி, ஆறிய இயந்திரம்: இம்மூன்றும் இன்றித் தொடங்க வேண்டாம். அருகில் அடுப்பு, விளக்கு, பீடி எதுவும் கூடாது. ஸ்பார்க் பிளக்கின் தொப்பியைக் கழற்றிவிடுங்கள். பெட்ரோல் காக்கை மூடுங்கள்.

கிண்ணத்தின் அடியிலுள்ள வடிகால் திருகைத் தளர்த்தி, பெட்ரோலைக் கண்ணாடிப் பாட்டிலில் பிடியுங்கள். அடியில் தனி அடுக்குத் தெரிந்தால் நீர் சேர்ந்திருக்கிறது. வார்னிஷ் வாசனை வந்தால் பெட்ரோல் கெட்டுவிட்டது. டாங்க்கிலுள்ளதையும் மாற்ற வேண்டும்.

அடுத்து ஏர் ஃபில்டர் பெட்டியைக் கழற்றுங்கள். இப்போது கவர்னரின் கம்பியும் மெல்லிய ஸ்பிரிங்கும் தெரியும். அவை எந்தத் துளையில் மாட்டியுள்ளன என்பதைச் செல்பேசியில் படம் பிடித்துக்கொள்ளுங்கள். பெட்ரோல் குழாயை விடுவித்து, கார்ப்புரேட்டரை இரண்டு நீள போல்ட்டுகளிலிருந்து மெல்ல வெளியே நகர்த்தி, கம்பியையும் ஸ்பிரிங்கையும் வளைக்காமல் விடுவியுங்கள். இயந்திரத்துக்கும் கார்ப்புரேட்டருக்கும் இடையே வெப்பம் தடுக்கும் தகடும் பேக்கிங்குகளும் இருக்கும். வந்த வரிசையிலேயே, வந்த பக்கமாகவே அவற்றைத் துணியில் அடுக்கி வையுங்கள்.

கிண்ணத்தைத் தாங்கும் போல்ட்டைக் கழற்றினால் மிதவை தெரியும். அதன் ஊசியைப் பக்கவாட்டில் தள்ளினால் மிதவையும் ஊசி வால்வும் கையில் வரும். நடுத்தூணுக்குள் இருப்பது மெயின் ஜெட். பள்ளத்தில் சரியாகப் பொருந்தும் திருப்புளியால் மட்டும் கழற்றுங்கள்; பித்தளை மென்மையானது. பைலட் ஜெட் பல மாடல்களில் மேற்புறம், திராட்டில் திருகுக்கு அடியில், சிறு பிளாஸ்டிக் துண்டாக இருக்கும்.

சுத்தம் செய்தல்

உலோகப் பாகங்களைக் கார்ப்புரேட்டர் கிளீனரால் கழுவுங்கள், கண்ணாடி அணிந்துகொள்ளுங்கள். ரப்பர் வளையத்தையும் பிளாஸ்டிக் மிதவையையும் அதில் ஊறவிடக் கூடாது. துளை அடைபட்டிருந்தால் மின்கம்பியின் ஒற்றைச் செப்பு இழையால் குத்தி எடுங்கள். ஊக்கு, தையல் ஊசி வேண்டாம். அவை துளையைப் பெரிதாக்கும், பிறகு கலவையின் விகிதம் என்றைக்கும் சரியாகாது. பின் எல்லா வழிகளிலும் காற்றடியுங்கள். பஞ்சர் கடைக் காற்றே போதும். ஜெட்டை வானத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். வட்டமான ஒளிப்புள்ளி தெரிந்தால் வேலை முடிந்தது.

மிதவையைக் காதருகே ஆட்டுங்கள். உள்ளே சலசலத்தால் ஓட்டை, மாற்றிவிடுங்கள்.

கழற்றியதன் நேரெதிர் வரிசையில் பூட்டுங்கள். கிழிந்த பேக்கிங்கைத் திரும்பப் போடாதீர்கள். அதன் வழியே காற்று புகுந்து கலவையைக் கெடுக்கும். பெட்ரோல் காக்கைத் திறந்து ஐந்து நிமிடம் காத்திருங்கள். சொட்டு விழாவிட்டால் பிளக் தொப்பியை மாட்டிக் கிளப்பலாம்.

கிளப்புவது வீட்டுக்கு வெளியே, சன்னலுக்கும் கதவுக்கும் தொலைவில். மழைக்குப் பயந்து வராந்தாவுக்குள் வைத்து ஓட்டாதீர்கள். புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, மணமில்லை. அது இரத்தத்தின் ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் வலுவாகப் பற்றும். மூச்சுத் திணறும் ஒருவரைக் காக்கப் போய் வீட்டையே இழக்கக் கூடாது.

எளிய வழி

இவ்வளவு வேலையும் வராமல் இருக்க ஒரு வழி உண்டு. ஜெனரேட்டரை நிறுத்தும்போது சுவிட்சை அணைக்காமல் பெட்ரோல் காக்கை மூடுங்கள். கிண்ணத்திலுள்ளது பெரும்பாலும் தீர்ந்து இயந்திரம் தானாக நிற்கும். அடியில் மிஞ்சுவதை, இயந்திரம் ஆறியபின் வடிகால் திருகால் விட்டுவிடலாம். மாதம் ஒருமுறை புதிய பெட்ரோலில், ஒரு விளக்கோ மின்விசிறியோ சுமையாக வைத்து, பத்து நிமிடம் ஓட்டுங்கள்.

அன்று காலை அந்தப் பைலட் ஜெட்டிலிருந்து வந்தது கடுகில் பாதியளவுகூட இல்லாத பழுப்புப் பிசின். இப்போது பக்கத்து வீட்டில் புரட்டாசி பிறந்ததும் ஜெனரேட்டரை வாசலுக்குக் கொண்டுவந்துவிடுகிறார்கள். ஐப்பசி மழை வருமுன் உங்கள் வீட்டு வாசலிலும் அந்தச் சத்தம் ஒருமுறை கேட்கட்டும்.