தண்ணீர் மேல் ஒரு சாப்பாடு

"படகில் வைத்துச் சாப்பாடு போடுகிறார்களாமே! போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்து எழுதுங்கள்" என்றார் ஆசிரியர்.

பத்திரிகை உத்தியோகத்தில் இப்படிப்பட்ட உத்தரவு தினமும் கிடைத்துவிடாது. மழை வந்தால் முழங்கால் தண்ணீரில் இறங்கி எழுது என்பார்கள். வெயில் வந்தால் தண்ணீர் லாரிக்குப் பின்னால் ஓடி எழுது என்பார்கள். தண்ணீர் மேல் உட்கார்ந்து, இலை போட்டுச் சாப்பிட்டு எழுதச் சொன்னது இதுதான் முதல் தடவை. அவர் மனம் மாறுவதற்குள் 'சரி, சார்' என்று சொல்லிவிட்டேன்.

சிட்னியில் இருக்கும் என் ஒன்றுவிட்ட அக்கா, அந்த ஊர்த் துறைமுகத்தில் கப்பலில் மத்தியானச் சாப்பாடு சாப்பிடும் படத்தைப் போன வருஷம் அனுப்பியிருந்தாள். தட்டு நிறையப் பலகாரம். பக்கத்தில் ஒருவர் பிடில் வாசிக்கிறார். பின்னால் பாலம் வளைந்து நிற்கிறது. நம் சென்னைத் துறைமுகத்தில் அந்த வசதி கிடையாது. அது கார்களையும் கண்டெய்னர்களையும் ஏற்றி இறக்கும் இடம். 2022 ஜூனில் அங்கிருந்தும் ஓர் உல்லாசக் கப்பல் புறப்பட்டது உண்மைதான். ஆனால் அது இரண்டு மூன்று நாள் கடலிலேயே தங்க வைக்கிற விவகாரம். மத்தியானம் ஏறி, சாப்பிட்டுவிட்டு, பிள்ளைகள் டியூஷனுக்குப் போவதற்குள் வீடு திரும்ப வேண்டிய நம்மைப் போன்றவர்களுக்கு முட்டுக்காடுதான் கதி. அங்கேதான் 2025-லிருந்து சாப்பாட்டுப் படகு ஒன்று ஓடிக்கொண்டிருக்கிறது.

"நான் எப்பவோ சாப்பிட்டாச்சு!"

மயிலாப்பூரில் இருக்கும் என் பாட்டிக்கு எண்பத்திரண்டு வயது. வாசற்படி தாண்டுவதே கோயிலுக்கும் டாக்டரிடத்துக்கும்தான். அவளையும் அழைத்துப் போகலாமென்று நினைத்தேன்.

"தண்ணி மேலே சாப்பாடா? அதென்னடி உனக்குப் புதுசு? நான் எப்பவோ சாப்பிட்டாச்சு" என்றாள் பாட்டி.

"எங்கே பாட்டி? கொச்சியிலா?"

"கொச்சியாவது மண்ணாவது! இதோ, இங்கே, நம்ப தண்ணித்துறை மார்க்கெட் பக்கத்திலே!"

லஸ்ஸுக்குக் காய்கறி வாங்கப் போகிற நேயர்களில் எத்தனை பேர் இதை யோசித்திருப்பீர்கள்? தண்ணீர்த்துறை மார்க்கெட் என்று பெயரிலேயே துறை இருக்கிறது. கத்தரிக்காயும் வாழைப்பூவும் வாங்குகிற இடத்துக்கு அந்தப் பெயர் ஏன் வந்தது? பக்கத்தில் பக்கிங்காம் கால்வாய் ஓடுகிறதே, அதுதான் காரணம் என்கிறார்கள் மயிலாப்பூர்ப் பெரியவர்கள்.

1955 வாக்கில் நடந்தது இது. பாட்டிக்கு அப்போது பதினோரு வயது. சாயங்காலம் விளக்கு வைக்கிற வேளையில் குடும்பத்தோடு மயிலாப்பூரில் படகு ஏறினார்களாம். ஜமக்காளம், கூஜா, அரிக்கேன் விளக்கு, மந்தார இலைக் கட்டு, ஒரு தூக்கு நிறையப் புளியோதரை, இன்னொரு தூக்கில் தயிர்சாதம், ஜாடியில் மாவடு. படகுக்காரர்கள் இரண்டு பேர். ஒருவர் நீள மூங்கில் கழியை ஊன்றித் தள்ளுவார்; இன்னொருவர் கரையில் இறங்கிக் கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு இழுத்துக்கொண்டே நடப்பார். அடையாறு தாண்டியதும் நிலா வந்துவிட்டது. விடியற்காலை கண் விழித்தால் மாமல்லபுரம்!

"ராத்திரி நடுத்தண்ணியிலே இலை போட்டா எங்கம்மா. முதல் உருண்டை எங்களுக்கில்லே. படகுக்காராளைக் கூப்பிட்டு அவா கையிலே வெச்சா. 'இழுக்கிறவன் வயிறு காஞ்சா படகு நகராது'ன்னா. அப்புறம் அத்தை பாடினா. மாமா கஞ்சிரா வாசிச்சார்."

"என்ன பாட்டு, பாட்டி?"

"நௌகா சரித்திரம்."

தியாகையர் தெலுங்கில் இயற்றிய இசை நாடகம் அது. கோபிகைகள் கண்ணனைப் படகில் ஏற்றிக்கொண்டு யமுனையில் போகிறார்கள். படகு ஓட்டுகிற சாமர்த்தியம் தங்களுடையதே என்று அவர்களுக்குக் கர்வம் வருகிறது. உடனே புயல் அடிக்கிறது. படகில் ஓட்டை விழுகிறது. உடுத்திய துணியைக் கொண்டு அடைக்க வேண்டியதாகிறது. கர்வம் போனதும் படகு கரை சேருகிறது. பாகவதத்தில் இல்லாத கதை. தியாகையரின் சொந்தக் கற்பனை. அதில் வரும் 'கந்தமு புய்யருகா' என்ற புன்னாகவராளிப் பாட்டை அத்தை அன்றிரவு பாட்டிக்குச் சொல்லிக் கொடுத்தாளாம். கல்யாணத்துக்குப் பிறகு பாட்டி பூஜையறைக்கு வெளியே பாடி நாங்கள் யாரும் கேட்டதில்லை.

பசி வெட்டிய கால்வாய்

பாட்டி சொன்னதைக் கேட்டபின் அந்தக் கால்வாயின் பூர்வோத்தரத்தைத் தேடிப் படித்தேன். 1806-ல் பேசில் காக்ரேன் என்ற வெள்ளைக்கார வியாபாரி சென்னையிலிருந்து எண்ணூர் வரை வெட்ட ஆரம்பித்தது. பிறகு வடக்கே ஆந்திரத்துக்குள்ளும் தெற்கே மரக்காணம் வரையிலும் நீண்டது. நடுவில் சென்னை நகரத்துக்குள் மட்டும் ஓர் இடைவெளி இருந்தது. கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் அந்த எட்டு கிலோமீட்டரை வெட்டியது 1877, 78-ல். அது தாது வருஷப் பஞ்ச காலம். கஞ்சிக்கு வழியில்லாமல் பட்டணத்துக்கு ஓடி வந்த ஏழை ஜனங்களுக்கு வேலை கொடுப்பதற்காக வெட்டியது. அப்போது கவர்னராக இருந்த பக்கிங்காம் பிரபுவின் பெயரைக் கால்வாய்க்கு வைத்தார்கள். மண்வெட்டி பிடித்தவர்களின் பெயர் எங்கும் இல்லை.

அதன் பிறகு எண்பது, தொண்ணூறு வருஷம் சென்னையின் அடுப்புகள் எரிந்ததில் இந்தக் கால்வாய்க்குப் பெரிய பங்கு உண்டு. சவுக்கு விறகு, உப்பு, நெல், சுண்ணாம்புக் கிளிஞ்சல் எல்லாம் படகில் வந்தன. 1934-ல் பாரதிதாசன் நண்பர்களோடு இதே வழியாகத்தான் மாமல்லபுரம் போனார்; படகோட்டியின் உழைப்பு மனசில் தைக்க, 'மாவலிபுரச் செலவு' என்ற கவிதையைப் பாடினார். 1965, 66-ல் அடித்த புயல்களில் கால்வாய் சேதமாயிற்று. அதற்குள் லாரிகளும் பெருகிவிட்டன. படகுகள் குறைந்து, நின்று, சாக்கடைகள் வந்து சேர்ந்தன. பறக்கும் ரெயிலுக்கான தூண்களும் கால்வாயிலேயே இறங்கின. 1997-ல் திருமயிலை நிலையம் திறந்தார்கள்.

ஆனாலும் அந்தக் கால்வாய் செத்துவிடவில்லை. தெற்கே போகப் போகத் தண்ணீர் விரிகிறது. முட்டுக்காட்டு உப்பங்கழியோடு கலந்து, அப்பால் இன்னும் போகிறது. ஆக, பாட்டி ஏறிய கால்வாயும் நாங்கள் சாப்பிடப் போகும் தண்ணீரும் ஒன்றுதான்! இதைச் சொன்ன பிறகுதான் பாட்டி, "அப்படியானா வரேன்" என்றாள். மாவடு டப்பி ஒன்றை மறக்காமல் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

முட்டுக்காட்டில்

அடையாற்றிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் போனால் சுமார் ஒரு மணி நேரப் பிரயாணம். தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தார் 1984-லேயே இங்கே படகுத்துறை அமைத்துவிட்டார்கள். மிதிபடகும் மோட்டார் படகும் பழைய சமாசாரம். புதிதாக வந்திருப்பது இரண்டு தட்டுப் படகு: 125 அடி நீளம், 25 அடி அகலம். கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடம் ஒன்று கழன்று வந்து தண்ணீரில் மிதப்பதுபோல் இருக்கிறது.

போக நினைக்கும் சகோதரிகளுக்கு இரண்டு வார்த்தை. முன்கூட்டியே விசாரித்து, இடம் பதிவு செய்துகொண்டு புறப்படுங்கள். மழை, காற்று நாட்களில் கட்டாயம் விசாரிக்க வேண்டும். மத்தியானப் படகுக்கு மார்கழி, தை மாதங்களே சுகம். சித்திரை வெயிலில் மேல்தட்டில் நின்றால் நாமே வற்றலாகிவிடுவோம். வயதானவர்களைக் கீழ்த்தட்டில் ஜன்னலோரம் உட்கார வையுங்கள். குழந்தைகளின் கையை விடாதீர்கள். படகுக்காரர்கள் மிதவைச் சட்டை கொடுத்தால், புடவை கசங்குமே என்று பார்க்காமல் போட்டுக்கொள்ளுங்கள்.

படகு புறப்பட்டதே தெரியவில்லை, கரைதான் நகர்ந்தது. ஒரு பக்கம் பாலமும், அதற்கப்பால் மணல் திட்டும், கடலின் வெள்ளை நுரையும். இன்னொரு பக்கம் கண்ணுக்கெட்டிய தூரம் தட்டையான தண்ணீர். நீர்க்காகம் ஒன்று முங்கி, எங்கேயோ எழுந்தது. இடுப்பளவு ஆழத்தில் நின்று ஒருவர் வலை வீசினார். உப்பங்கழியின் ஆழம் அவ்வளவுதான் என்று பார்த்ததும் என் வயிற்றிலிருந்த பயம் போய், பசி வந்தது.

சாப்பாடு வந்தது. பாட்டி சாம்பாரை ஒரு வாய் ருசித்து, "பாதகமில்லே" என்றாள். அவள் வாயிலிருந்து வரக்கூடிய உச்சபட்சப் பாராட்டு அது. பரிமாறிய பையனைப் பார்த்து, "நீ சாப்பிட்டியாப்பா?" என்றாள்.

"முதல் பந்தியே எங்களுதுதான் பாட்டி!" என்றான் அவன்.

பாட்டிக்குப் பரம திருப்தி. அவனுக்கும் ஒரு மாவடு கொடுத்தாள்.

இஞ்சின் சுருதி

அடுத்த மேஜையில் ஒரு குடும்பம் பிறந்தநாள் கொண்டாட வந்திருந்தது. அவர்களில் ஒரு பிள்ளையாண்டான் கிதார் கொண்டுவந்திருந்தான். சினிமாப் பாட்டுகளாக வாசித்துப் பாடினான். படகே தாளம் போட்டது. பாட்டியின் விரல்களும் மேஜை விளிம்பில் தட்டுவதைப் பார்த்தேன்.

"எங்க கொள்ளுப்பாட்டியும் பாடுவா!" என்று என் ஏழு வயதுப் பையன் திடீரென்று கத்திவிட்டான்.

"சும்மா இருடா, அசத்து!" என்றாள் பாட்டி. ஆனால் அந்தப் பிள்ளையாண்டான் கிதாரோடு எழுந்து வந்துவிட்டான். "பாடுங்க பாட்டி. நீங்க எங்கே ஆரம்பிக்கிறீங்களோ, அங்கே நான் வந்து சேர்ந்துக்கறேன்."

பாட்டி கொஞ்ச நேரம் தண்ணீரையே பார்த்தாள். "இந்த இஞ்சினே ஒரு சுருதியிலே நிக்கறது" என்றாள். பிறகு அதே சுருதியில் 'கந்தமு' என்று எடுத்தாள்.

குரல் நடுங்கத்தான் செய்தது. மேலே போக வேண்டிய இடத்தில் எட்டவில்லை. கீழேயே சுற்றிக்கொண்டு வந்தாள். இரண்டாவது சரணம் மறந்துபோய், பல்லவிக்கே திரும்பினாள். கிதார்ப் பையனுக்கு அந்த ராகம் பழக்கமில்லை. ஒரே ஒரு தந்தியை மட்டும் மெல்ல மீட்டிக்கொண்டு கூடவே வந்தான். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் கையை அப்படியே வைத்துவிட்டார்கள். பரிமாறும் பையன் கதவோரம் நின்றான்.

முடித்ததும் பாட்டி, "அத்தை இதைவிட நன்னாப் பாடுவா" என்று மட்டும் சொல்லிவிட்டு, புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். வியர்வைதான் என்றாள். நானும் மறுக்கவில்லை.

திரும்பும் வழியில்

மயிலாப்பூர் திரும்பியதும், திருமயிலை நிலையத்துக்குப் பக்கத்தில் வண்டியை நிறுத்தச் சொன்னாள் பாட்டி. என் தோளைப் பிடித்துக்கொண்டு கால்வாய் ஓரமாக வந்து நின்றாள். தூண்களுக்கு நடுவே கறுப்பாக நின்றது தண்ணீர். ஆகாயத்தாமரைக்குள் ஏதோ பிளாஸ்டிக் பைகள். மூக்கைப் பொத்திக்கொண்டேன். பாட்டி பொத்திக்கொள்ளவில்லை.

2004 டிசம்பர் 26-ம் தேதி சுனாமி வந்தபோது, சென்னைக்கு வடக்கே நெடுந்தூரம் இந்தக் கால்வாய் அலையை வாங்கிக்கொண்டு எத்தனையோ பேரைக் காப்பாற்றியது என்று ஆராய்ந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். 2008-ல் இதைத் தேசிய நீர்வழி எண் 4-ன் ஒரு பகுதி என்று சட்டமும் செய்தார்கள். நான் இதையெல்லாம் பையனிடம் சொன்னேன். அவன் கேட்டுக்கொண்டானோ, இல்லையோ! தண்ணீரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தான்.

"கொள்ளுப்பாட்டி இங்கேயா படகு ஏறினா?"

"ஆமாம்."

"நாம போனதும் இதே தண்ணியா?"

"இதேதான்."

"அப்போ இங்கேயே ஏறியிருக்கலாமே! எதுக்கு அவ்வளவு தூரம் காரிலே போனோம்?"

பாட்டி என்னைப் பார்த்தாள். "கேக்கறானோல்லியோ, பதில் சொல்லு" என்றாள்.

நேயர்களே, முட்டுக்காட்டுக்கு அவசியம் போய் வாருங்கள். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் அவர்களையும் கையோடு அழைத்துப் போங்கள். அவர்களிடம் ஒரு பாட்டாவது ஒளிந்திருக்கும். திரும்பி வரும்போது கால்வாயோரம் ஒரு நிமிஷம் நின்று பாருங்கள். என் பையனுக்குச் சொல்ல ஒரு பதில் கிடைத்தால், எனக்கும் எழுதுங்கள்.