காலிமுகத்திலிருந்து பொறளைக்கு: றோயல் கொழும்பு கோல்ப் கழகத்தின் ஆடுகளம்

கோல்ப் என்பது சிறு பந்தைக் கோலால் அடித்துக் குழியில் வீழ்த்தும் ஆட்டம் என்பர். அஃது உண்மையே, ஆயினும் முழு உண்மையன்று. உதைபந்தாட்டக் களத்தின் வடிவம் விதியால் வரையறுக்கப்பட்டது. கோல்புக்கோ குழியின் விட்டம் நாலேகால் அங்குலம் என்பது விதியேயன்றி, களத்தின் நீள அகலங்களுக்குக் கண்டிப்பான அளவில்லை. ஆகலின் ஒவ்வொரு நிலமும் வேறோர் ஆட்டத்தைத் தருகின்றது.

இவ்வாட்டம் வளர்ந்த ஸ்கொத்லாந்தில், கடலுக்கும் விளைநிலத்துக்கும் இடைப்பட்ட மணற்பாங்கான புல்வெளியை 'லிங்க்ஸ்' என்பர். நமது வடமராட்சி கிழக்கின் மணற்காட்டுக் குன்றுகள்மேல் குறும்புல் படர்ந்திருப்பதாகக் கருதிக்கொண்டால் அதன் தோற்றம் ஒருவாறு விளங்கும். அங்கே ஆடுகள் காற்றுக்கு ஒதுங்கிக் கிடந்த பள்ளங்களே நாளடைவில் மணற்குழிகளாயின என்ப. அக்குழிக்குப் 'பங்கர்' என்று பெயர். அச்சொல்லை நம் குடாநாட்டார் அறிந்துகொண்ட காலமும் காரணமும் வேறு. ஈண்டு அதனை விடுவோம். சென் அன்றூஸ் களத்தின் 22 குழிச் சுற்று 1764 இல் 18 ஆகக் குறைக்கப்பட்டது. பின்னர் அதுவே உலகுக்கு அளவாயிற்று.

பழைய களங்களின் சிறப்பு யாது? அங்கு மணற்குழி ஆட்டக்காரனைத் தண்டிப்பதற்கன்று, வினாவுவதற்கே உள்ளது. குறுக்கு வழி குழியை ஒட்டிச் செல்லும். அச்சமற்ற வழி சுற்றிச் செல்லும். எதனைத் தேர்வது என்பது அவன் துணிவையும் கைத்திறனையும் பொறுத்தது.

கல்கத்தாவில் 1829 இலேயே கோல்ப் கழகம் தோன்றிவிட்டது. கொழும்புக் கழகம் 1879 இல் அமைந்து, காலிமுகத் திடலில் ஆடத் தொடங்கியது. கடலும் காற்றும் புல்லும் ஒருங்கே வாய்ந்த அவ்விடத்தினும் லிங்க்ஸுக்கு நெருங்கிய நிலம் கொழும்பில் இல்லை எனலாம். ஆனால் அத்திடலின் கடலோர நடைபாதையை 1859 இல் நிறைவேற்றிய தேசாதிபதி சேர் ஹென்றி வாட், பெண்டிர்க்கும் சிறுவர்க்கும் பயன்படுமாறு அதனைத் தம் பின்வருவோரிடம் ஒப்படைத்துக் கல்லிற் பொறித்துவைத்தார். குழந்தைகள் உலாவும் வெளியில் வன்மையான பந்து பறப்பது எங்ஙனம் பொருந்தும்?

1896 இல் கழகம் பொறளைக்குப் பெயர்ந்தது. அக்காலத் தேசாதிபதி சேர் வெஸ்ட் றிட்ஜ்வேயின் பெயரால் அக்களம் 'றிட்ஜ்வே லிங்க்ஸ்' எனப்பட்டது. பெயர் லிங்க்ஸ் ஆயினும் நிலம் உள்நாட்டு நிலம், மணல்மேடுமில்லை, கடலுமில்லை. அலைக்கும் மேட்டுக்கும் பதிலாக நீர்நிலைகளும் மரங்களுமே அங்கு வினா எழுப்புகின்றன. 'றோயல்' என்னும் பட்டம் 1928 இற் கிடைத்தது.

இப்பெயர்ச்சியால் பொதுவெளி பொதுமக்களுக்கு மீண்டது. ஆட்டம் வேலிக்குள் ஒடுங்கியது. முன்னது நன்று என்பதில் எனக்கு ஐயமில்லை. பின்னதைப் பற்றி அத்துணை உறுதியாகச் சொல்லேன். அக்காலக் கழகங்கள் பெரும்பாலும் ஐரோப்பியருடையன. நம்மவர் பலர் அக்களங்களை மிதித்தது பிறர் கோற்பையைச் சுமந்தே.

வேலியிலும் ஒரு திறப்பு உண்டாயிற்று. கழகம் வந்த சில ஆண்டுகளுக்குள் களனிப் பள்ளத்தாக்குப் புகையிரதப் பாதை களத்தின் ஊடாகவே இடப்பட்டது. அன்று ஒடுங்கிய பாதை; 1990களில் அகலமாக்கப்பட்டது. வண்டி வருங்கால் ஆட்டக்காரர் கோலை ஊன்றி நிற்கின்றனர். மூன்றாம் வகுப்புச் சீட்டுடன் சாளரத்தருகே அமர்ந்தவர்க்கு இருமருங்கும் பசும்புல், ஒரு மணற்குழி, காற்றில் ஆடும் ஒரு கொடி ஆகியன தோன்றும். பின்னர் மதிற்சுவர் வந்துவிடும்.