சிறிய கருவும் பெரிய உரையும்

‘பணிசெயல் முறைமை’ என எம் பாடநூல்கள் வழங்கும் தொடர் நீண்டதாயினும் பொருள் தெளிவுடையது. கணினியின் உறுப்புகளையும் செய்நிரல்களையும் ஆளும் மென்பொருளே அது. அதன் நடுவாகிய கருவினுள் எத்துணைப் பணிகளை அடைப்பது என்பது ஆய்வாளரிடையே நெடுநாள் வழக்கு.

அனைத்தையும் உள்ளே வைத்தால் விரைவு உண்டு. ஆனால், அச்சுப்பொறியை இயக்கும் பகுதி பிழைத்தாலும் கணினி முழுதும் வீழ்தல் கூடும். கல்முனையை அடுத்த மருதமுனையில் பாவிழையொன்று அறுந்தால் முடிந்துவிட்டு நெசவைத் தொடர்வர். இங்கோ தறியே நின்றுவிடுகிறது!

இக்குறை தீர்க்க, அமெரிக்கக் கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தில் 1985 இல் தொடங்கிய ‘மாக்’ ஆய்வு, நாளடைவிற் பல பணிகளைக் கருவின் புறத்தே வைத்தது. பிரிந்தவை ஒன்றோடொன்று செய்தி பரிமாறும் செலவு மிகவே, விரைவு குன்றியது. கொள்கையே பிழையென்றனர் பலர். அன்று, அமைப்பின் பிழையே என 1990களில் தம் ‘எல்-4’ கருவால் உணர்த்தினார், செருமானியராகிய யோகன் லீட்கே.

அவ்வழி வந்த ‘எஸ்இஎல்-4’ கருவை 2009 இல் சிட்னி ஆய்வாளர் கணித முறையில் நிறுவினர். கரு ஏறத்தாழ 8,700 வரி. நிறுவலோ ஏறத்தாழ 2,00,000 வரி! நூற்பாவினும் உரை இருபது மடங்கிற்கு மேல். அதுவும் வன்பொருளும் தொகுப்பானும் பிழையற்றவை என்னும் முற்கோளின்மேல் நிற்பது.

மாணவர் கைப்பேசிக்கு இத்துணைச் செலவு மிகையே. நோயாளிக்கு மருந்தளக்கும் பொறிக்கு வேண்டும் என்பேன். ஆயினும் கருவில் ஒரு வசதியைக் கூட்டினால், அதைத் தொட்ட நிறுவலையும் மீள எழுதல் வேண்டும்.