மெல்ல ஓடி வேகம் பெறுதல்

அதிகாலையில் காலிமுகத்திடலுக்கு ஓட வரும் இளைஞர் பலர், தொடங்கிய கணத்திலேயே முழுப் பலத்தையும் செலவிட்டு, சற்றுத் தூரத்தில் விலாவைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடுகின்றனர். மறுவாரம் அவர்களைக் காண முடிவதில்லை. "ஓட்டம் நமக்கு ஒத்துவராது" என்பர். ஒத்துவராதது அவர்கள் கைக்கொண்ட முறையே!

1948ஆம் ஆண்டு லண்டன் ஒலிம்பிக் விழாவில், நம் நாட்டு வீரர் டங்கன் வைட் 400 மீற்றர் தடைதாண்டல் ஓட்டத்தை 51.8 செக்கனில் ஓடி வெள்ளிப் பதக்கம் பெற்றதை அறிவோம். அவ்விழாவிலேயே 10,000 மீற்றர் ஓட்டத்தில் வென்றவர் செக்கோஸ்லோவாக்கிய வீரர் எமில் சட்டோபெக். 400 மீற்றரை விரைந்து ஓடுவார், பின் மெல்ல ஓடி இளைப்பாறுவார், மீண்டும் விரைவார். இவ்வாறு பன்முறை பயின்ற அவர், 1952இல் ஹெல்சிங்கியில் 5,000, 10,000 மீற்றர், மரதன் ஆகிய மூன்றிலும் தங்கம் வென்றார்.

புதியவர்க்கு அத்துணைக் கடுமை வேண்டியதில்லை. முதற் பத்து நிமிடம் பேசிக்கொண்டே ஓடத்தக்க மெல்லோட்டம். பின்னர் ஒரு விளக்குக் கம்பத்திலிருந்து அடுத்த கம்பம் வரை வேகம். மூச்சுச் சீராகும்வரை மீண்டும் மெல்லோட்டம். ஐந்தாறு தடவை போதும். கடிகாரமும் வேண்டாம், மைதானமும் வேண்டாம். காலை எட்டி வைத்தால் வேகம் கூடுமென்பது வீண் எண்ணம். அடிகள் சிறியனவாயும் விரைவாயும் இருத்தல் நன்று.

இதை வாரத்தில் ஒரு நாள் செய்க. ஏனைய நாட்களில் மெல்லோட்டமே. மூச்சு விரைவில் பழகிவிடும். தசைநாணும் எலும்பும் அவ்வளவு விரைவில் பழகா. முன்கால் எலும்பில் வலி கண்டால், அது நீங்கும்வரை ஓட வேண்டாம்.