குதிகால் வலியும் போர் தண்ணீரும்

காலையில் எழுந்து முதல் அடி வைக்கும்போது குதிகாலில் சுருக்கென்று குத்துகிறது. நாலு அடி நடந்தால் குறைகிறது. சாயங்காலம் கணுக்கால் இறுகிப்போகிறது. வயசு, வாயு, கொல்லை வேலை என்று ஏதாவது ஒரு காரணம் சொல்லி, வலி மாத்திரையோடு இதைக் கடந்துவிடுகிறோம். தர்மபுரி மாவட்டத்தில், அதிலும் கடத்தூர் போல ஆழ்துளைக் கிணற்றை நம்பி வாழ்ந்த ஊர்களில், இன்னொரு கேள்வியும் கேட்க வேண்டும்: இத்தனை வருஷமாக எந்தத் தண்ணீரைக் குடித்தீர்கள்?

இந்த மாவட்டத்தின் பாறைகளில் ஃபுளோரைடு உள்ள தாதுக்கள் இருக்கின்றன. பாறை இடுக்கில் நெடுங்காலம் தேங்கும் நீரில் அது கரைகிறது. குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை இருக்கலாம், வேறு வழியே இல்லையென்றால் 1.5 வரை போகலாம் என்பது இந்தியத் தர நிர்ணயம். அதைத் தாண்டிய நீரை வருஷக்கணக்கில் குடித்தால் வருவது ஃபுளோரோசிஸ். இந்தியாவில் இந்நோய் பற்றிய முதல் விரிவான மருத்துவ அறிக்கை 1937இல், அன்றைய சென்னை மாகாணத்து நெல்லூர் மாவட்டத்திலிருந்து வந்தது.

உடம்பில் தங்கும் ஃபுளோரைடில் ஏறத்தாழ 99 சதவீதம் எலும்பிலும் பல்லிலும் போய்ச் சேர்கிறது. எலும்புத் தாதுவின் கட்டமைப்புக்குள் அது இடம்பிடிக்கும்போது எலும்பு தடிக்கிறது. எக்ஸ்ரேயில் வெள்ளை வெளேரென்று தெரிகிறது. தசைநாண்களும் தசைநார்களும் எலும்போடு சேரும் இடங்களில் சுண்ணாம்பு படிகிறது. உடல் பாரம் முழுவதையும் தாங்கும் குதிகால் அப்படிப்பட்ட இடம். அங்கே முள்போல எலும்பு வளரலாம். நாளடைவில் மூட்டுக் குருத்தெலும்பும் தேய்ந்து, முதுகும் இடுப்பும் விறைக்கின்றன.

தடித்த எலும்பு உறுதியான எலும்பு என்று மருத்துவ உலகமே ஒரு காலத்தில் நம்பிப் பார்த்தது. எலும்பு மெலிவு நோய் கொண்ட 202 பெண்களில் ஒரு பாதிப் பேருக்கு தினமும் 75 மில்லிகிராம் சோடியம் ஃபுளோரைடை 4 ஆண்டுகள் கொடுத்து, அமெரிக்காவின் மேயோ கிளினிக் 1990இல் முடிவை வெளியிட்டது. முதுகெலும்பின் அடர்த்தி 35 சதவீதம் கூடியிருந்தது. ஆனால் முதுகெலும்பு தவிர்த்த மற்ற எலும்புகளில் முறிவு, மருந்து எடுக்காதவர்களிடம் 24, எடுத்தவர்களிடம் 72. மருந்து எடுத்தவர்களுக்குக் கால் வலியும் அதிகம். அப்படி வலித்த குதிகால், கணுக்கால் எலும்புகளில் மயிரிழை விரிசல்கள் இருப்பதை வேறு ஆய்வுகள் காட்டின.

அந்த மருந்தின் ஒரு நாள் அளவில் இருந்த ஃபுளோரைடு சுமார் 34 மில்லிகிராம். லிட்டருக்கு 3 மில்லிகிராம் உள்ள போர் தண்ணீரை, வெயிலில் வேலை செய்பவர் நாளுக்கு 5 லிட்டர் குடித்தால் 15 மில்லிகிராம் ஆகிறது. அளவு பாதிக்கும் குறைவுதான். ஆனால் காலம் 4 ஆண்டில்லை, 30 ஆண்டு.

போர் தண்ணீரின் இந்த ஆபத்தை உணர்ந்துதான், காவிரி நீரைக் கொண்டுவர ரூ.1,928.80 கோடியில் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. 2008இல் அடிக்கல் நாட்டி, 2013 மே மாதம் திறந்தார்கள். ஃபுளோரோசிஸ் என்ற சொல் அந்தத் திட்டத்தின் முழுப் பெயரிலேயே இருக்கிறது. ஆனால் காவிரித் தண்ணீர் வராத நாளில் போர் தண்ணீரைப் பிடித்தாலோ, குடிக்க ஒன்று, சோறும் குழம்பும் ஆக்க வேறொன்று என்று வைத்துக்கொண்டாலோ, ஃபுளோரைடு உள்ளே போய்க்கொண்டுதான் இருக்கும்.

நம்மை ஏமாற்றும் நம்பிக்கைகள் சில உண்டு. தண்ணீர் இனிப்பாக இருக்கிறது என்பார்கள். ஃபுளோரைடுக்குச் சுவையோ நிறமோ மணமோ கிடையாது. கொதிக்க வைத்தால் போகாது, நீர் வற்ற வற்ற அடர்த்திதான் கூடும். டி.டி.எஸ். மீட்டர் மொத்த உப்பைக் காட்டும், ஃபுளோரைடைத் தனியே காட்டாது. பல்லில் கறை இல்லையே என்பதும் ஆறுதலாகாது. பல் உருவாகும் சிறு வயதில் இந்த நீரைக் குடித்தவருக்குத்தான் கறை விழும். ஃபுளோரைடு இல்லாத ஊரிலிருந்து வாக்கப்பட்டு வந்த மருமகளின் பல் கடைசிவரை வெள்ளையாகவே இருக்கும். எலும்பு மட்டும் ஃபுளோரைடைச் சேர்த்துக்கொண்டே போகும்.

எல்லாக் குதிகால் வலியும் ஃபுளோரோசிஸ் ஆகாது. உள்ளங்கால் சவ்வு அழற்சியும் யூரிக் அமிலமும் இதைவிடச் சாதாரணம். கால் பிசகி மாதக்கணக்கில் கணுக்கால் வலித்தால், உள்ளே குருத்தெலும்பு எலும்புத் துணுக்கோடு பெயர்ந்திருக்கலாம். சாதாரண எக்ஸ்ரேயில் அது தப்பிவிடலாம், எம்.ஆர்.ஐ. தேவைப்படும். சர்க்கரை நோயாளியின் பாதம் வலியே இல்லாமல் சிவந்து, சூடாகி, வீங்கினால் அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும். ஃபுளோரோசிஸா என்று அறிய சிறுநீர்ப் பரிசோதனையும் முன்கை எக்ஸ்ரேயும் உதவும்.

படிந்த சுண்ணாம்பைக் கரைக்கும் மருந்து இல்லை. தண்ணீரை மாற்றினால் மேலும் சேர்வது நிற்கும். ஆரம்ப நிலையில் வலியும் தணியலாம். பால், கேழ்வரகு, கீரை, நெல்லிக்காய் இவற்றிலுள்ள சுண்ணாம்புச் சத்தும் வைட்டமின் சி-யும் துணை செய்யும். ஆர்.ஓ. கருவி ஃபுளோரைடைக் குறைக்கும்; துணி வடிகட்டியும் மண்பானையும் குறைக்காது.

முதல் வேலை எளியது. சுத்தமான பிளாஸ்டிக் பாட்டில் ஒன்றில் உங்கள் போர் தண்ணீரை ஒரு லிட்டர் பிடியுங்கள், கண்ணாடி வேண்டாம். எந்த போர், எத்தனை அடி ஆழம், என்றைக்குப் பிடித்தது என்று எழுதி ஒட்டுங்கள். குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கொடுத்து ஃபுளோரைடு அளவைக் கேளுங்கள். அடுத்த முறை மருத்துவரிடம் காலைக் காட்டும்போது அந்த எண்ணையும் காட்டுங்கள்.