விளக்கும் உறக்கமும்

இரவைப் பகலாக்கிவிட்டது விஞ்ஞானம் என்று நாம் பெருமையோடு பேசுகிறோம். நம் உடலைப் பொறுத்தமட்டில் அது பாதி உண்மை. இரவு பகலாயிற்று, அது மெய். பகலும் ஒருவாறு இரவாகிவிட்டது. அதைத்தான் நாம் கவனிப்பதில்லை. தேர்வு நெருங்கும் நாட்களில் "உறக்கம் வரவில்லை" என்று சொல்லாத நண்பரை எங்கள் விடுதியில் காண்பது அரிது. சிலர் காப்பியைக் குறை கூறுகின்றனர். பலர் கைப்பேசியைக் குறை கூறுகின்றனர். தலைக்குமேல் எரியும் விளக்கைப் பற்றியும், சன்னலுக்கு வெளியே வீணாகும் வெயிலைப் பற்றியும் பேசுவார் இல்லை. ஆதலின் நான் எழுதத் துணிந்தேன்.

கண் பார்ப்பதற்காக மட்டும் அமைந்த உறுப்பன்று. விழித்திரையில் கோல், கூம்பு என்னும் இருவகை உயிரணுக்கள் உள்ளன என்று பள்ளியில் படித்தோம். ஒளியை உணரும் மூன்றாம் வகை ஒன்று உண்டு என்பது 2002-ஆம் ஆண்டில்தான் தெளிவாக நிறுவப்பட்டது. மெலனாப்சின் என்னும் பொருளைக் கொண்ட இவ்வணுக்களின் தலையாய பணி உருவங்களைக் காட்டுவதன்று. வெளியே பகலா இரவா என்று மூளைக்கு அறிவிப்பது. பார்வையை முற்றும் இழந்த சிலருக்குங்கூட, கண்ணில் ஒளி பட்டதும் உடலின் இரவுச் சுரப்பு குறைந்ததை 1995-இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியிருந்தது. அவர்கள் விளக்கைக் காணவில்லை. அவர்கள் உடல் கண்டுகொண்டது!

இச்செய்தி போய்ச் சேருமிடம், இரு கண் நரம்புகளும் குறுக்கிடும் இடத்திற்குச் சற்று மேலே மூளையில் அமைந்த உடற்கடிகாரம். இக்கடிகாரம் சரியாக 24 மணிக் கணக்கில் ஓடுவதில்லை. பெரும்பாலோர்க்கு ஒரு சுற்றுக்குச் சில நிமிடங்கள் கூடுதலாகவே ஆகும். நாள்தோறும் அதைத் திருத்தி வைப்பது ஒளிதான். காலை ஒளி உறங்கும் நேரத்தை முன்னுக்குக் கொணரும். இரவின் ஒளி அதைப் பின்னுக்குத் தள்ளும். இருட்டிய பின் மெலடோனின் என்னும் பொருள் சுரந்து, 'இரவு வந்தது' என்று உடலெங்கும் பறை சாற்றுகிறது. கண்ணில் வலிய ஒளி பட்டால் அச்சுரப்பு அடங்கிவிடும்.

எல்லா ஒளியும் ஒன்றல்ல. மெலனாப்சினை மிகுதியாகத் தூண்டுவது நீல ஒளி. அகல் விளக்கில் நீலம் மிகக் குறைவு. இன்றைய வெள்ளை எல்.இ.டி. விளக்கோ உண்மையில் ஒரு நீல விளக்கு! அதன்மேல் உள்ள பூச்சு நீல ஒளியில் ஒரு பங்கை மஞ்சளாக மாற்றுகிறது. இரண்டும் கலந்து நமக்கு வெண்மையாகத் தோன்றுகின்றன. நெடுநாள் கைகூடாதிருந்த நீல எல்.இ.டி.யை ஆக்கிய அகசாகி, அமானோ, நகமுரா ஆகிய மூவர் 2014-இல் பௌதிகத்துக்கான நோபெல் பரிசு பெற்றனர். மறு ஆண்டு தொடங்கிய உஜாலா திட்டத்தின் வழியாக நம் நாட்டில் 36 கோடிக்கு மேற்பட்ட எல்.இ.டி. விளக்குகள் வழங்கப்பட்டன. இதைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மண்ணெண்ணெய்ப் புகையில் கண் எரியப் படித்த பாட்டனார் கதை எந்த வீட்டில் இல்லை?

இனிக் கைப்பேசிக்கு வருவோம். 2015-இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், 12 பேர் மங்கலான அறையில், இரவுதோறும் நான்கு மணி நேரம், ஐந்து இரவுகள் மின்திரையில் நூல் படித்தனர். அச்சு நூல் படித்த இரவுகளைவிட அவர்களுக்கு உறக்கம் வரச் சுமார் 10 நிமிடம் தாமதமாயிற்று. நான்கு மணி நேரப் படிப்புக்குப் பத்து நிமிடம்! உடற்கடிகாரம் ஒன்றரை மணி பின்தங்கியது என்பதும் அவ்வாய்வின் முடிவே. அதை நான் மறைக்கவில்லை. ஆனால் 2016-இல் ஸ்வீடனின் உப்சாலாவில் 14 பேரை முதலில் ஆறரை மணி நேரம் நல்ல வெளிச்சத்தில் இருக்கச் செய்து, பிறகு திரையில் படிக்கவிட்டனர். அவர்களுடைய மெலடோனின் அளவு, அச்சு நூல் படித்த இரவிலிருந்து வேறுபடவில்லை. இரண்டும் சிறிய ஆய்வுகளே. எனினும், பகலில் வயிறார ஒளி உண்ட கண் இரவின் சிற்றொளிக்கு மயங்குவதில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது. கைப்பேசி நம்மை விழிக்க வைப்பது பெரும்பாலும் அதன் ஒளியால் அன்று. அதில் வரும் அரட்டையால்!

அப்படியானால் நாம் பகலில் எவ்வளவு ஒளி பெறுகிறோம்? ஒளியை லக்ஸ் என்னும் அளவையால் அளப்பர். உச்சி வெயில் 1,00,000 லக்ஸ் வரை செல்லும். மேகம் மூடிய பகலிலும் வெளியே பல ஆயிரம் லக்ஸ் இருக்கும். அறையின் குழல்விளக்கு தருவதோ சில நூறுதான். விடுதி, வகுப்பு, நூலகம், மீண்டும் விடுதி என்று சுற்றி வரும் நமக்குக் காலை முதல் நள்ளிரவு வரை அதே சில நூறு லக்ஸ். வைகறை, காலை, நண்பகல், எற்பாடு, மாலை, யாமம் என்று ஆறு சிறுபொழுதுகள் கண்டவர் நம் முன்னோர். நமக்கு ஒரே பொழுது.

தெற்கிலிருந்து தில்லிக்கு வந்த நமக்கு இதில் ஒரு தனித் தொல்லை. கன்னியாகுமரியில் ஆண்டின் மிகக் குறுகிய பகலும் பதினொன்றரை மணிக்குக் குறையாது. இங்கே அது சுமார் 10 மணி 20 நிமிடந்தான். சனவரியில் கதிரவன் எழவே ஏழே கால் ஆகிறது. அதன்பின்னும் மூடுபனி. சென்ற குளிர்காலத்தில், திருநெல்வேலியிலிருந்து வந்த முதலாண்டு நண்பர் ஒருவர் விடிய இரண்டு மணிவரை உறக்கம் பிடிக்காமல் கிடந்து, காலைத் தேர்வுக்கு எழாமல் ஒரு தாளையே இழந்தார். சோம்பேறி என்று எல்லோரும் ஏசினர். திரைச்சீலையை இறுக மூடிய அறையில் அவர் பட்டப்பகலிலும் விளக்கொளியில் படித்ததை எவரும் எண்ணிப் பார்க்கவில்லை. இவ்வாண்டு அவர் காலை உணவுத் தட்டை மொட்டை மாடிக்கு எடுத்துச் சென்று அரைமணி அமர்கிறார்; இரவு பத்துக்குமேல் மேசை விளக்கு மட்டும். பன்னிரண்டுக்குள் உறங்கிவிடுவதாகச் சொல்கிறார். ஒருவர் அனுபவம் ஆய்வாகாது. ஆயினும் மாடியில் இப்போது நால்வர் அமர்கின்றனர்.

நம் சங்கக் கூட்டம் மாலை ஏழு மணிக்குக் குழல்விளக்கின்கீழ் நடக்கிறது. குளிர்கால மாதங்களிலேனும் அதை ஞாயிறு காலைக்கு, நூலகத்தின் எதிரே உள்ள புல்வெளிக்கு மாற்றலாமே என்று செயலாளரிடம் கேட்டிருக்கிறேன். இட்லி உண்டானால் வருவோம் என்று ஒன்பது பேர் இதுவரை ஒப்பியுள்ளனர்.