கிறிஸ்துமஸ் வேலையைப் புரட்டாசியிலேயே ஆரம்பியுங்கள்!

மார்கழி பிறந்துவிட்டால் போதும், கிறிஸ்தவக் குடும்பங்களில் இல்லத்தரசிக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. மாவு அரைக்கணும், பலகாரம் சுடணும், பிள்ளைகளுக்குத் துணி எடுக்கணும், தையற்காரரிடம் நடையாய் நடக்கணும், குடில் கட்டணும். இத்தனையும் ஒரே வாரத்தில்! கடைசியில் 24-ஆம் தேதி இரவு வரை அடுப்படியில் வெந்துவிட்டு நள்ளிரவுப் பூசைக்குப் போய் உட்கார்ந்தால், கண் தானாகச் செருகுகிறது. வீடே கொண்டாடுகிறது, வீட்டுக்காரிக்கு மட்டும் இடுப்பு வலி. இது நியாயமா, சொல்லுங்கள்!

டிசம்பர் மாதத்துக்கு வேறு தொல்லைகளும் உண்டு. பிள்ளைகளின் அரையாண்டுத் தேர்வு கிறிஸ்துமஸுக்கு ஓரிரு நாள் முன்புதான் முடிகிறது. மழைக்காலம் அப்போதும் விட்டபாடில்லை. கொசு பெருகி டெங்கு, சளி, காய்ச்சல் என்று வீட்டில் யாராவது ஒருவர் படுத்துக்கொள்கிறார். ஆகவே பண்டிகை வேலையை டிசம்பரில் வைத்துக்கொள்ளவே கூடாது என்பது என் கட்சி.

எங்கள் மானகிரியைச் சுற்றியுள்ள செட்டிநாட்டு ஊர்களில் நகரத்தார் வீட்டு ஆச்சிமார்களைப் பாருங்கள். மகள் பிறந்த நாளிலிருந்தே அவள் கல்யாணத்துக்குப் பாத்திரம் பண்டம் சேர்க்க ஆரம்பித்துவிடுவார்கள். விலை மலிவாக இருக்கும்போது ஒவ்வொன்றாக வாங்கி அறையில் அடுக்கிவிடுவார்கள். கல்யாணம் நெருங்கும்போது கடைகடையாக அலைய வேண்டியதில்லை. அந்தச் சாமர்த்தியத்தை நாம் ஒரு பண்டிகைக்குக் காட்ட முடியாதா?

வெயில் இருக்கும்போதே மாவு

அக்டோபர் மூன்றாம் வாரவாக்கில் வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொள்ளும். பிறகு அரிசி காயாது; ஈர மாவில் பூசணம் பிடிக்கும். எனவே புரட்டாசி வெயிலிலேயே பச்சரிசியைக் களைந்து உலர்த்தி, மில்லில் அரைத்து, லேசாக வறுத்துச் சலித்து, நன்றாக ஆறிய பின் காற்றுப் புகாத டப்பாவில் போடுங்கள். அச்சு முறுக்கு, தேன்குழல் இரண்டுக்கும் ஆகும். மாவுருண்டைக்குப் பாசிப்பருப்பை வறுத்து மாவாக்கி வைத்துக்கொண்டால், வேண்டும்போது சர்க்கரையும் காய்ச்சிய நெய்யும் சேர்த்துப் பிடிக்க அரைமணி நேரம் போதும். வெள்ளையடிப்பதையும் மழைக்கு முன்பே முடித்துவிடுங்கள். பொங்கலுக்கும் சேர்த்து ஆயிற்று!

தீபாவளி முடிந்த கையோடு துணி

தீபாவளிக்கும் கிறிஸ்துமஸுக்கும் நடுவே ஏறக்குறைய ஆறு வாரமாவது கிடைக்கும். தீபாவளி முடிந்ததும் துணிக்கடையில் கூட்டம் குறைந்துவிடும். நிதானமாகப் பார்த்துப் பேசி எடுக்கலாம். தையற்காரருக்கும் அப்போது ஓய்வு. வளரும் பிள்ளைகளுக்குச் சற்றுப் பெரிதாகத் தைத்து உள்ளே மடித்துவிட்டால் அடுத்த வருஷமும் உதவும்.

வெளியூரில் இருக்கும் பிள்ளைகள் ஊருக்கு வர ரயில் டிக்கெட் வேண்டுமல்லவா? 2024 நவம்பர் முதல், பயணத்துக்கு 60 நாள் முன்புதான் முன்பதிவு தொடங்குகிறது. டிசம்பர் 23-ஆம் தேதி சென்னையிலிருந்து பல்லவனில் காரைக்குடி வரவேண்டுமானால், அக்டோபர் 24-ஆம் தேதியே பதிவு செய்யச் சொல்லுங்கள்.

பலகாரத்தில் மட்டும் அவசரம் வேண்டாம்

எல்லாவற்றையும் முன்கூட்டிச் செய்யச் சொன்னேனே தவிர, எண்ணெய்ப் பலகாரத்தை நவம்பரிலேயே சுட்டு வைக்கச் சொல்லவில்லை. சிக்கு வாடை வந்துவிடும். டிசம்பர் 15-க்கு மேல் ஒரு நாளைக்கு ஒரு பலகாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். தேன்குழல் ஒரு நாள், அச்சு முறுக்கு ஒரு நாள். புது அச்சாக இருந்தால் முதல் நாள் இரவே எண்ணெயில் ஊறப் போடுங்கள். மாவு ஒட்டாமல் கழன்று வரும்.

தீபாவளிக்குக் காய்ச்சிய எண்ணெயைக் கிறிஸ்துமஸ் வரை வைத்திருந்து பொரிப்பது சிக்கனமல்ல, உடம்புக்குக் கேடு. திரும்பத் திரும்பக் காய்ச்சிய எண்ணெயில் கெட்ட பொருள்கள் சேர்கின்றன. அவை 25 சதவீதத்துக்கு மேல் போனால் அந்த எண்ணெயைச் சமையலுக்குப் பயன்படுத்தக் கூடாது என்று 2018 முதல் நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதியே இருக்கிறது. வீட்டில் அளந்து பார்க்க வழியில்லை. கறுத்து, நுரைத்து, புகைந்தால் கொட்டிவிடுங்கள். வாணலியில் கொஞ்சமாக ஊற்றிச் சுட்டால் மிச்சமும் குறையும்.

கேக் செய்பவர்கள் உலர்ந்த திராட்சை, பேரீச்சை, முந்திரியை ஆரஞ்சுச் சாற்றில் ஊறவைத்துக் குளிர்பெட்டியில் வைக்கலாம். ஒரு வாரம் ஊறினால் போதும்.

கடன் இல்லாத கிறிஸ்துமஸ்

இதுதான் முக்கியம். டிசம்பரில் கை வறண்டு, நகையை அடகு வைத்து 6,000 ரூபாய் வாங்குகிறோம் என்று வையுங்கள். நூற்றுக்கு இரண்டு வட்டி என்றால் மாதம் 120 ரூபாய். வருஷம் முழுதும் மீட்காவிட்டால் வட்டி மட்டும் 1,440! அடுத்த கிறிஸ்துமஸும் வந்து நிற்கும்.

அதே 6,000-ஐ மாதம் 500 வீதம் 12 மாதம் சேர்த்தால், வட்டி நமக்கு வரும். டிசம்பர் முதல் வாரத்தில் வங்கியில் ஓராண்டு ரெக்கரிங் டெபாசிட் ஆரம்பியுங்கள். அடுத்த டிசம்பர் முதல் வாரம் முழுப்பணம் கைக்கு வரும். துணியை நவம்பரில் எடுப்பதானால் அக்டோபரிலேயே தொடங்குங்கள்.

தெரிந்தவர் நடத்தும் பண்டிகைச் சீட்டில் சேருமுன், அது 1982-ஆம் ஆண்டு சீட்டு நிதிச் சட்டப்படி பதிவானதா என்று கேட்டுவிடுங்கள். கேட்பதில் வெட்கம் என்ன? பணம் நம்முடையது அல்லவா!

இன்னும் ஒன்று. குடிலுக்குப் புல் சேகரிப்பது, நட்சத்திரம் ஒட்டுவது, டப்பாவுக்குப் பெயர்ச்சீட்டு எழுதுவது எல்லாம் பிள்ளைகள் வேலை. கடைக்குப் போவது அவர்கள் அப்பா வேலை. பட்டியல் எழுதி அடுப்படிச் சுவரில் ஒட்டிவிடுங்கள், யாரும் தப்ப முடியாது!

இப்படிச் செய்து பாருங்கள் சகோதரிகளே. 24-ஆம் தேதி மத்தியானம் சற்றுக் கண்ணயர்ந்து எழுந்து, குளித்து, புதுப்புடவை கட்டி, பூ வைத்துக்கொண்டு, குடும்பத்தோடு பூசைக்குப் புறப்படலாம். பண்டிகை நமக்கும்தானே!